மஞ்சள் பைக்குப் போகும் முன்



பேத்தாலஜி மருத்துவரைப் பொதுமேடையில் பேச அழைப்பது அரிது. நோயாளிகள் எங்களைப் பார்ப்பதில்லை. நாங்களும் அவர்களுடைய முகத்தைப் பார்ப்பதில்லை. ஒரு பிளாஸ்டிக் டப்பா, அதன்மேல் ஒட்டிய பெயர், வயது, ஓர் எண். எங்களுக்குத் தெரிந்த நோயாளி அவ்வளவுதான். அப்படி வரும் டப்பாக்களில் ஒரு வகையைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன். எலும்பு அறுவைக்கூடத்திலிருந்து வருபவை அவை.

இந்த அரங்கில் இருக்கும் பலர் வீட்டில் அம்மாவுக்கோ மாமனாருக்கோ மூட்டு மாற்று அறுவை நடந்திருக்கும். தேய்ந்துபோன இடுப்பு மூட்டை மாற்றும்போது தொடை எலும்பின் உச்சியில் இருக்கும் உருண்டையான தலையை அறுத்து எடுத்துவிடுவார்கள். குறுக்களவு நான்கைந்து சென்டிமீட்டர் இருக்கும். முழங்கால் மாற்று என்றால் தொடை எலும்பின் அடிப்பகுதியிலிருந்தும் கீழ்க்கால் எலும்பின் மேல்பகுதியிலிருந்தும் சில சீவல்கள் வெளியே வரும். எடுத்த எலும்பு எங்கே போகிறது என்று நோயாளியும் கேட்பதில்லை, வீட்டாரும் கேட்பதில்லை. அதற்கு இரண்டு வழி உண்டு. ஒன்று ஆய்வகம். மற்றொன்று மஞ்சள் பை. நம் நாட்டின் 2016ஆம் ஆண்டு உயிர்மருத்துவக் கழிவு விதிகளின்படி, உடலிலிருந்து அகற்றிய பாகங்கள் மஞ்சள் நிறப் பையில் போடப்பட்டு எரிப்பதற்குப் போகும்.

அந்த எலும்புக்குள், எப்போதாவது, யாரும் தேடிப் போகாத ஒரு நோய் இருக்கிறது. மூட்டுத் தேய்மானம் என்று நினைத்து எடுத்த எலும்பின் மஜ்ஜையில் லிம்போமா, அதாவது நிணநீர்ச் செல்களில் தோன்றும் புற்றுநோய். நோயாளிக்குக் காய்ச்சல் இல்லை, எடை குறையவில்லை, கழுத்தில் நெறி கட்டவில்லை. வலித்தது மூட்டு மட்டும்தான், அதற்குக் காரணமும் தேய்மானம்தான். மூட்டு மாற்றியாயிற்று, வலியும் போயிற்று. பிறகு ஆய்வகத்திலிருந்து ஒரு தாள் வருகிறது.

அந்தத் தாள் எப்படி உருவாகிறது, அதை எந்த அளவுக்கு நம்பலாம், அது சொல்லும் செய்தியை என்ன செய்வது என்று சொல்லத்தான் வந்திருக்கிறேன். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உடலிலிருந்து எடுத்த எலும்பை ஒரு பயிற்சி பெற்ற கண் பார்த்தாக வேண்டும். பார்த்ததில் கிடைத்த செய்தி நோயாளியின் கைக்குப் போய்ச் சேர்ந்தாக வேண்டும். இரண்டாவது நடக்காவிட்டால் முதலாவதால் பயனில்லை.

இடுப்பு மூட்டு மாற்று இன்று நாம் அறிந்த வடிவத்துக்கு வந்தது இங்கிலாந்தின் ரைட்டிங்டன் மருத்துவமனையில். 1962 நவம்பரில் ஜான் சார்ன்லி உலோகத் தண்டையும் அடர்த்தி மிகுந்த பாலிஎதிலீன் கிண்ணத்தையும் வைத்துச் செய்யத் தொடங்கிய அறுவையின் வழித்தோன்றல்கள்தான் இன்றைய மூட்டுகள். தான் பொருத்திய மூட்டுகளை நோயாளிகளின் இறப்புக்குப் பிறகு எடுத்து ஆராய அனுமதி தரும்படி அவர் அவர்களிடம் கேட்டுக்கொண்டார். பலர் சம்மதித்தார்கள். அந்த மூட்டுகளை ஆராய்ந்துதான் தேய்மானத்தைப் பற்றிய அறிவு வளர்ந்தது. உள்ளே வைத்த பொருளை இவ்வளவு அக்கறையோடு பார்த்த துறை, வெளியே எடுத்த எலும்பை அதே அக்கறையோடு எப்போதும் பார்க்கவில்லை.

வெளியே எடுத்த எலும்பின் மீது கவனம் திரும்ப ஒரு வலுவான காரணம் எலும்பு வங்கி. ஒருவரிடமிருந்து அகற்றிய தொடை எலும்புத் தலை வீணாக வேண்டியதில்லை. அதை உறைய வைத்துச் சேமித்தால், எலும்பு இழந்த இன்னொருவருக்கு அரைத்து நிரப்பலாம். கொடுப்பவரின் இரத்தத்தில் எச்ஐவி, மஞ்சள் காமாலைக் கிருமிகள், மேகநோய் ஆகியவை இருக்கின்றனவா என்று பார்ப்பார்கள். எலும்பையே யாரும் பார்க்கவில்லையே என்ற கேள்வி ஆக்ஸ்ஃபோர்டில் எழுந்தது. பால்மர், கிப்பன்ஸ், அதனாசூ ஆகிய மூவரும் 1999இல் வெளியிட்ட ஆய்வு அதற்கான விடை.

அவர்கள் எடுத்துக்கொண்டவை 1,146 தொடை எலும்புத் தலைகள். எல்லாமே தேய்மானத்துக்காக அகற்றப்பட்டவை, எல்லாமே வங்கிக்கு ஏற்றவை என்று கருதத்தக்கவை. ஒவ்வொன்றையும் நுண்ணோக்கியில் பார்த்தார்கள். 91 எலும்புகளில், அதாவது 8 விழுக்காட்டில், தேய்மானத்தைத் தவிர வேறொரு நோய் இருந்தது. பெரும்பாலானவை அச்சம் தராதவை. 63 எலும்புகளில் குருத்தெலும்பில் கால்சியம் படிந்திருந்தது. 13இல் இரத்த ஓட்டம் நின்று எலும்பு மடிந்திருந்தது. 6இல் தீங்கற்ற எலும்புக் கட்டி. 4இல் வாதமூட்டு அழற்சியை ஒத்த மாற்றம். வளர்சிதை மாற்ற நோய்கள் 2. மிச்சம் 3 எலும்புகளில் புற்றுநோய் இருந்தது. ஒன்று மெதுவாக வளரும் குருத்தெலும்புப் புற்று. மற்ற இரண்டும் லிம்போமா. முதிர்ந்த சிறு லிம்ஃபோசைட் செல்களால் ஆன வகை அது.

1,146இல் இரண்டு. இந்த எண்ணைக் கேட்டதும் அவையில் இரண்டு விதமான எண்ணம் ஓடும். ஆயிரத்தில் இரண்டுகூட இல்லையே, இதற்கா இத்தனை பாடு என்று சிலருக்குத் தோன்றும். அந்த இரண்டு எலும்பும் இன்னொருவர் உடம்புக்குள் போயிருக்குமே என்று சிலருக்குத் தோன்றும். இரண்டும் நியாயமான எண்ணங்கள்தான். உறைய வைத்த எலும்பில் செல்கள் பெரும்பாலும் உயிர்பிழைப்பதில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஆனாலும் புற்றுநோய் உள்ள திசுவைத் தெரிந்தே இன்னொருவருக்குக் கொடுக்க எந்த மருத்துவரும் ஒப்பமாட்டார். எலும்பு வங்கியின் சோதனை முறையில் நுண்ணோக்கிப் பரிசோதனையும் இருக்க வேண்டும் என்று அந்த ஆய்வாளர்கள் பரிந்துரைத்தார்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கை. அந்தச் சிறு லிம்ஃபோசைட் லிம்போமாவும், நாள்பட்ட லிம்ஃபோசைட் இரத்தப் புற்றும் ஒரே நோயின் இரண்டு முகங்கள் என்றுதான் இன்று வகைப்படுத்துகிறோம். மேலை நாடுகளில் பெரியவர்களுக்கு வரும் இரத்தப் புற்றில் அதுதான் மிகுதி. இந்தியா உள்ளிட்ட ஆசிய நாடுகளில் அது மிகவும் குறைவு. ஆகவே ஆக்ஸ்ஃபோர்டின் கணக்கை அப்படியே தூக்கி வந்து சென்னைக்கோ மதுரைக்கோ பொருத்தக் கூடாது. நம் ஊர் எலும்புகளை வரிசையாக எடுத்து நாமே பார்த்தால்தான் நம் கணக்கு தெரியும்.

இனி ஆய்வகத்துக்குள் போவோம். இந்தப் பகுதியைக் கொஞ்சம் நிதானமாகவே சொல்லப்போகிறேன். ரிப்போர்ட் வர ஏன் இவ்வளவு நாளாகிறது என்று கேட்காத நோயாளி இல்லை. அதற்கான பதில் இங்கேதான் இருக்கிறது.

எலும்புத் தலை, திசுவைக் கெடாமல் காக்கும் ஃபார்மலினில் மூழ்கி எங்களிடம் வருகிறது. முதலில் கண்ணால் பார்க்கிறோம். குருத்தெலும்பு எங்கே உதிர்ந்திருக்கிறது, எலும்பு எங்கே பளிங்காகத் தேய்ந்திருக்கிறது, ஓரத்தில் எங்கே முண்டு முளைத்திருக்கிறது என்று குறித்துக்கொள்கிறோம். பிறகு ரம்பத்தால் நெடுக அறுத்துச் சில மில்லிமீட்டர் தடிமனுள்ள வில்லைகளாக்குகிறோம். உள்ளே எலும்பு தேன்கூட்டைப் போல இருக்கும். அந்த அறைகளில் மஜ்ஜை. வயது வந்தவர்களின் தொடை எலும்புத் தலையில் பெரும்பாலும் மஞ்சள் நிறக் கொழுப்பு மஜ்ஜைதான். சாம்பல் பூத்த இடம், மெத்தென்று இருக்கும் இடம், நிறம் மாறிய இடம் எங்காவது உண்டா என்று தேடுகிறோம். சந்தேகமான இடத்தையும் சாதாரணமாகத் தெரியும் இடத்தையும் சேர்த்தே எடுக்கிறோம். லிம்போமா கண்ணுக்குத் தெரியாமலே இருக்கக்கூடும். ஆகவே எங்கே வெட்டி எடுக்கிறோம் என்பதைப் பொறுத்தே பல நேரம் கண்டுபிடிப்பு அமைகிறது.

அடுத்து கால்சியத்தை நீக்க வேண்டும். கால்சியத்தோடு எலும்பை மெல்லிய சீவலாக அறுக்க முடியாது, கத்தி சிதைந்துவிடும். அமிலத்தில் ஊற வைத்தால் ஓரிரு நாளில் எலும்பு இளகிவிடும். ஈடிடிஏ என்ற கரைசலில் ஊற வைத்தால் வாரக்கணக்கில் ஆகும். அமிலம் வேகமாக வேலை செய்யும், ஆனால் செல்லுக்குள் இருக்கும் டிஎன்ஏவைச் சிதைத்துவிடும். பின்னால் மரபணுச் சோதனை தேவைப்பட்டால் அது நடக்காமல் போகலாம். ஈடிடிஏ மெதுவானது, ஆனால் டிஎன்ஏவைக் காப்பாற்றித் தரும். இதில் எதைத் தேர்ந்தெடுப்பது என்பதை மருத்துவமனைக்குத் தெரியாமலே, பெரும்பாலும் ஆய்வகத்தின் வேலைப்பளுதான் முடிவு செய்கிறது. இளகிய எலும்பை மெழுகில் பொதித்து, ஒரு மில்லிமீட்டரில் இருநூற்றிலொரு பங்கு அளவுக்கும் மெல்லியதாகச் சீவி, கண்ணாடியில் ஒட்டிச் சாயமேற்றினால் சிலைடு தயார்.

நுண்ணோக்கியில் கொழுப்பு மஜ்ஜை வெளிறிய வெற்றிடமாகத் தெரியும். அதற்கு நடுவில் சிறிய, கருநீலக் கருக்களை உடைய செல்கள் ஒரு கூட்டமாக இருந்தால் கண் அங்கேயே நின்றுவிடும். நிற்பது மட்டும்தான் முதல் படி. வயதானவர்களின் மஜ்ஜையில் லிம்ஃபோசைட் செல்கள் சிறு சிறு கூட்டமாக இருப்பது சாதாரணம். அது நோயல்ல. வாதமூட்டு அழற்சி உள்ளவர்களிடம் இன்னும் மிகுதி. எந்தக் கூட்டம் தீங்கற்றது, எது புற்று என்று பிரிப்பதில்தான் எங்கள் துறையின் உழைப்பெல்லாம் இருக்கிறது. கூட்டம் வட்டமாக, எல்லை தெளிவாக, மஜ்ஜை அறையின் நடுவில் இருந்தால் பெரும்பாலும் தீங்கற்றது. எலும்புச் சுவரை ஒட்டிப் படர்ந்தால் ஃபாலிகுலர் லிம்போமாவை நினைக்க வேண்டும். பல கூட்டங்கள் ஒன்றோடொன்று கலந்து மஜ்ஜையையே நிரப்பத் தொடங்கியிருந்தால் சந்தேகம் வலுக்கும்.

அப்போது நோயெதிர்ப்புச் சாயங்களை நாடுகிறோம். சிடி20 பி வகைச் செல்களுக்குப் பழுப்பு நிறம் ஏற்றும், சிடி3 டி வகைச் செல்களுக்கு ஏற்றும். தீங்கற்ற கூட்டத்தில் இரண்டு வகையும் கலந்திருக்கும். புற்றில் ஏதோ ஒரு வகை ஓங்கியிருக்கும். டி செல்லின் அடையாளமான சிடி5ஐ பி செல்லும் தாங்கி நின்று, கூடவே சிடி23உம் இருந்தால், ஆக்ஸ்ஃபோர்டில் கண்ட சிறு லிம்ஃபோசைட் வகையை நோக்கிப் போகிறோம். சைக்ளின் டி1 என்ற சாயம் ஏறினால் மேன்டில் செல் லிம்போமா. அது வேறு போக்குள்ள, பெரும்பாலும் கடுமையான நோய். ஃபார்மலினில் ஊறிய திசுவில், செல்களை ஒவ்வொன்றாக வகைபிரித்து எண்ணும் ஃப்ளோ சைட்டோமெட்ரி செய்ய முடியாது, அதற்கு உயிருள்ள செல் வேண்டும். அந்தச் சோதனைக்கு நோயாளியின் இரத்தத்தைத்தான் மறுபடி எடுக்க வேண்டும். ஆகவே முதல் ரிப்போர்ட்டில் சில நேரம் முடிவான பெயர் இருக்காது. ஐயமிருக்கிறது, மேற்கொண்டு பார்க்கவும் என்றுதான் இருக்கும். அதைக் குறையாக நினைக்க வேண்டாம். தெரிந்ததைத் தெரிந்த அளவுக்கு எழுதுவதுதான் நேர்மையான ரிப்போர்ட்.

திசுவின் பொறுமையைப் பற்றி ஒன்று சொல்லிவிட்டு மேலே போகிறேன். லண்டன் கைஸ் மருத்துவமனையில் தாமஸ் ஹாட்ஜ்கின் நிணநீர்க் கட்டிகளும் மண்ணீரலும் வீங்கி இறந்தவர்களைப் பற்றிய கட்டுரையை 1832இல் வெளியிட்டார். நுண்ணோக்கி இல்லாமல், வெறும் கண்ணால் பார்த்து எழுதியது அது. அவர் பார்த்த திசுக்களில் சில அம்மருத்துவமனையின் காட்சியகத்தில் பாதுகாக்கப்பட்டிருந்தன. ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு கழித்து, 1926இல், ஹெர்பர்ட் ஃபாக்ஸ் அவற்றிலிருந்து சீவல்கள் எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தார். ஹாட்ஜ்கின் பெயரைத் தாங்கிய நோய் அவற்றில் சிலவற்றில் இருக்கத்தான் செய்தது. வைத்திருந்தால் நூறாண்டு கழித்தும் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். எரித்துவிட்டால் மறுநாளே கேட்க வழியில்லை.

எலும்பு மருத்துவர்கள் எல்லா எலும்பையும் ஒரே கண்ணால் பார்க்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. சில நோயாளிகளின் எலும்பு மற்றவர்களுடையதைவிடக் கூடுதல் கவனம் கேட்கிறது. முதல் வகை வாதமூட்டு அழற்சி. அது உள்ளவர்களுக்கு மற்றவர்களைக் காட்டிலும் லிம்போமா வரும் வாய்ப்பு ஏறத்தாழ இரண்டு மடங்கு. அவர்களில் பலர் ஆண்டுக்கணக்கில் மெத்தோட்ரெக்ஸேட் சாப்பிடுகிறவர்கள். அந்த மருந்தோடு தொடர்புடைய ஒரு வகை லிம்ஃபோசைட் பெருக்கம் உண்டு. மருந்தை நிறுத்தினாலே அது சிலருக்குக் கரைந்துவிடும். இது தெரியாமல் கீமோதெரபி தொடங்கிவிட்டால் எவ்வளவு பெரிய தீங்கு! அதனால்தான் எலும்போடு வரும் கோரிக்கைப் படிவத்தில் நோயாளி சாப்பிடும் மருந்துகளை எழுதுங்கள் என்று எலும்பு மருத்துவர்களைக் கெஞ்சிக் கேட்கிறோம். பல படிவங்களில் இடுப்பு மூட்டுத் தேய்மானம் என்ற ஒரு வரிதான் இருக்கிறது.

இரண்டாவது வகை எலும்பு முறிவு. வயதானவர் குளியலறையில் வழுக்கி விழுந்தார், தொடை எலும்பின் கழுத்து முறிந்தது. எலும்பு வலுவிழந்ததால் முறிந்தது என்றே எல்லோரும் எடுத்துக்கொள்வார்கள், பெரும்பாலும் அதுவே சரி. ஆனால் மார்பகத்திலிருந்தோ புராஸ்டேட்டிலிருந்தோ பரவிய புற்றும், மைலோமாவும், லிம்போமாவும் எலும்பை அரித்து முறிக்கும். விழுந்ததால் முறிந்ததா, முறிந்ததால் விழுந்தாரா என்ற கேள்வி எங்கள் மேசையில் மட்டுமே தீரும் சந்தர்ப்பங்கள் உண்டு. முறிந்த எலும்பின் தலையை மஞ்சள் பையில் போடுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

மூன்றாவது, ஏற்கெனவே பொருத்திய மூட்டைத் திறந்து மறுபடி மாற்றும் அறுவை. உலோகத்தோடு உலோகம் உரசும் மூட்டுகளைச் சுற்றி லிம்ஃபோசைட்டுகள் அடர்ந்து குவியும். புற்றல்லாத அது புற்றைப் போலவே தோன்றி ஏமாற்றும். இதற்கு நேர்மாறாக, நீண்டகாலம் தேங்கிய ஃபைப்ரின் என்ற உறைபுரதப் படிவுக்குள் ஒரு வகைப் பெரிய பி செல் லிம்போமா ஒளிந்திருக்கும். எப்ஸ்டீன் பார் வைரஸோடு தொடர்புள்ளது அது. செயற்கை மூட்டைச் சுற்றிய சவ்விலும், நாள்பட்ட இரத்தக்கட்டியிலும், இதயத்துக்குள் வளரும் தீங்கற்ற கட்டியிலும்கூடத் தற்செயலாகக் கண்டிருக்கிறார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் வகைப்பாட்டில் அதற்குத் தனிப் பெயரே கொடுத்திருக்கிறார்கள். செல்கள் பார்க்க மிகக் கொடூரமாக இருக்கும், ஆனால் அந்தச் சிறிய இடத்தைத் தாண்டிப் போவதில்லை என்பதால் பலருக்கு நோயின் போக்கு நல்லதாகவே இருக்கிறது. தோற்றத்தை மட்டும் வைத்து முடிவுகட்டக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது.

எதிர்த்தரப்பின் வாதம் வலுவானது. அதை அதன் முழு வலுவோடு சொல்வதுதான் முறை. 2000ஆம் ஆண்டில் அமெரிக்காவில் கோச்சரும் உடன் பணியாற்றியவர்களும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். தேய்மானத்துக்காக முதல்முறை செய்த 1,234 இடுப்பு, முழங்கால் மாற்று அறுவைகளின் எலும்புகள். 97.6 விழுக்காட்டில் மருத்துவர் சொன்ன நோயும் நுண்ணோக்கி சொன்ன நோயும் ஒன்றே. 2.3 விழுக்காட்டில் வேறுபாடு இருந்தது, ஆனால் சிகிச்சை மாறவில்லை. சிகிச்சையையே மாற்றிய வேறுபாடு ஒரே ஒரு அறுவையில். அந்த ஒன்றைக் கண்டுபிடிக்க ஆன மொத்தச் செலவு 1,22,728 டாலர். அந்தப் பணத்தை வேறு நோயாளிகளுக்குச் செலவிட்டிருந்தால் எத்தனை பேர் பிழைத்திருப்பார்கள் என்று கேட்பவரை நான் மதிக்கிறேன். அந்த ஆய்வுக்குப் பிறகு உலகின் பல மருத்துவமனைகள் வழக்கமான நுண்ணோக்கிப் பரிசோதனையைக் கைவிட்டன. சில கண்ணால் பார்ப்பதோடு நிறுத்திக்கொண்டன.

ஆனாலும் அந்தக் கணக்கை அப்படியே ஏற்க எனக்கு இரண்டு தடைகள். அமெரிக்காவில் ஓர் எலும்பைப் பார்க்க ஆகும் செலவும் இங்கே ஆகும் செலவும் ஒன்றல்ல. இங்கே ஒரு சிலைடின் விலை செயற்கை மூட்டின் விலையில் மிகச் சிறு பகுதி. அதோடு, அங்கே அறுவைக்கு வருபவர்களில் பலருக்குக் குடும்ப மருத்துவர் உண்டு, ஆண்டுதோறும் இரத்தப் பரிசோதனை உண்டு. இங்கே பலருக்கு வாழ்க்கையிலேயே உடலின் ஒரு திசு நுண்ணோக்கிக்குப் போகும் ஒரே சந்தர்ப்பம் இந்த மூட்டு அறுவையாகத்தான் இருக்கும். ஆகவே என் நிலை இதுதான். தொடை எலும்புத் தலை எல்லாவற்றையும் அறுத்து நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். முழங்கால் சீவல்களைக் கண்ணால் பார்த்து, சந்தேகம் இருந்தாலோ வாதமூட்டு அழற்சி இருந்தாலோ நுண்ணோக்கிக்கு எடுத்தால் போதும். முறிவும் மறு அறுவையும் என்றால் விதிவிலக்கே வேண்டாம்.

இனி மிகக் கடினமான பகுதி. கண்டுபிடித்தாயிற்று, அடுத்து என்ன?

அறுபத்தெட்டு வயது அம்மா ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். தையல் பிரிக்க வருகிறார். நடை நன்றாக இருக்கிறது, முகத்தில் சிரிப்பு. எலும்பு மருத்துவர் ரிப்போர்ட்டை எடுத்து, "அம்மா, எடுத்த எலும்பில லிம்போமா மாதிரி இருக்குன்னு எழுதியிருக்காங்க, ரத்தப் புற்று டாக்டரைப் பாருங்க" என்கிறார். "மூட்டுக்குத்தானே டாக்டர் ஆபரேஷன் பண்ணினீங்க, கேன்சர் எங்கேருந்து வந்துச்சு?" என்று அந்த அம்மா கேட்பார். அதற்கு அங்கேயே பதில் கிடைக்காவிட்டால், ரத்தப் புற்று டாக்டரைப் பார்க்கும்வரை அந்தக் குடும்பம் தூங்காது.

பதில் இருக்கிறது: அது ஏற்கெனவே இருந்தது, பெரும்பாலும் அவசரமும் இல்லை. அந்தப் பதிலுக்கு அடித்தளம் போட்டவர்களில் ஒருவர் ஜோத்பூரில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய காந்தி ராய். சிறு லிம்ஃபோசைட் லிம்போமாவின் மறுமுகமான நாள்பட்ட லிம்ஃபோசைட் இரத்தப் புற்றை நிலைகளாகப் பிரித்து 1975இல் அவர் வெளியிட்ட முறை இன்றும் நடைமுறையில் இருக்கிறது. இரத்தத்தில் லிம்ஃபோசைட் மட்டும் கூடியிருக்கிறதா, நெறி கட்டியிருக்கிறதா, கல்லீரலோ மண்ணீரலோ வீங்கியிருக்கிறதா, இரத்தசோகை உண்டா, தட்டணுக்கள் குறைந்திருக்கின்றனவா என்று பார்ப்பார்கள். தொட்டுப் பார்த்தும் எளிய இரத்தப் பரிசோதனையாலும் முடிவு செய்யக்கூடிய முறை, கிராமத்து மருத்துவமனையிலும் செய்யலாம். ஆரம்ப நிலையில் இருப்பவர்களுக்கு உடனே மருந்து கொடுத்தால் ஆயுள் கூடுமா என்று பிரான்ஸில் பெரிய அளவில் சோதித்தார்கள். 1998இல் வெளிவந்த முடிவு தெளிவானது: குளோராம்புசில் மாத்திரையை முன்கூட்டியே தொடங்கியதால் ஆயுள் கூடவில்லை. மருந்தே கொடுக்காமல் கவனித்துவந்த குழுவில் ஏறத்தாழ பாதிப் பேருக்குப் பதினோரு ஆண்டுகளுக்கு மேலாகியும் நோய் முற்றவில்லை, சிகிச்சையும் தேவைப்படவில்லை. வேறு சிலருக்கு நோய் முற்றத்தான் செய்தது. அதனால்தான் கவனித்துவர வேண்டியிருக்கிறது.

இன்னும் ஒன்று உண்டு. பி செல்கள் ஒரே வார்ப்பில் பெருகியிருந்தும், இரத்தத்தில் ஒரு மைக்ரோலிட்டருக்கு 5,000க்குக் கீழே இருந்து, நெறியும் வேறு அறிகுறியும் இல்லாவிட்டால் அதை நாம் புற்று என்றே சொல்வதில்லை. புற்றுக்கு முந்தைய நிலை என்கிறோம். வயது ஏற ஏற அது பலரிடம் இருக்கிறது, பெரும்பாலோர் அதைத் தெரியாமலே முழு ஆயுளும் வாழ்ந்துவிடுகிறார்கள். எலும்பில் தற்செயலாகக் கண்ட சிறு கூட்டம் இதுவாகவும் இருக்கலாம். இரத்த எண்ணிக்கையும் ஃப்ளோ சைட்டோமெட்ரியும் பார்த்தபிறகுதான் பெயர் சூட்ட வேண்டும்.

அப்படியென்றால் தெரியாமலே இருந்திருக்கலாமே என்று சிலர் நினைப்பீர்கள். நானும் இதை நெடுநாள் யோசித்திருக்கிறேன். தெரிந்துகொள்வதே நல்லது என்றுதான் முடிவுக்கு வந்தேன். நாள்பட்ட லிம்ஃபோசைட் இரத்தப் புற்று உள்ளவர்களின் நோயெதிர்ப்பு பலவீனமானது. நிமோனியா, ஃப்ளூ தடுப்பூசிகளை உரிய நேரத்தில் போட்டுக்கொள்ளலாம். செயற்கை மூட்டு உடலில் இருப்பவருக்குத் தொற்று வந்தால் அது மூட்டையே கெடுக்கும் என்பதால் இது இரட்டிப்பு முக்கியம். உறங்கிக்கொண்டிருந்த நோய் திடீரென்று வேகமெடுக்கும்போது, நெறி பெருத்து, இரவில் உடை நனைய வியர்த்து, ஆறு மாதத்தில் உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு குறையும்போது, அதை வயசாச்சு என்று ஒதுக்கிவிடாமல் உடனே மருத்துவரிடம் போகலாம். எல்லா லிம்போமாவும் மெதுவானதல்ல என்பதும் நினைவிருக்க வேண்டும். பெரிய பி செல் லிம்போமா எலும்பில் கண்டால் அது காத்திருக்கும் நோயல்ல. 1997இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ரிடுக்ஸிமாப் என்ற மருந்து கீமோதெரபியோடு சேர்ந்தபிறகு அந்த நோயைப் பலருக்கு முழுமையாகக் குணப்படுத்த முடிகிறது. அங்கே சில வாரத் தாமதம்கூடப் பொருட்டாகும்.

இந்தச் செய்தியைச் சொல்வது யார் பொறுப்பு என்பதில் குழப்பம் இருக்கிறது. எலும்பு மருத்துவர் அதை எங்கள் பொறுப்பு என்று நினைக்கிறார், ரத்தப் புற்று மருத்துவருக்கு அந்த நோயாளி இருப்பதே தெரியாது. நாங்கள் ரிப்போர்ட் அனுப்பியதோடு வேலை முடிந்ததாக நினைத்துவிடுகிறோம். என் கருத்தில், எதிர்பாராத புற்று தெரிந்தால் ஆய்வக மருத்துவர் தொலைபேசியை எடுத்து அறுவை செய்தவரிடம் நேரில் பேச வேண்டும். பேசிய தேதியையும் நேரத்தையும் ரிப்போர்ட்டிலேயே எழுத வேண்டும். அறுவை செய்தவர் நோயாளியை அழைத்து, உட்கார வைத்து, இது மூட்டால் வந்ததல்ல, ஏற்கெனவே இருந்தது, இப்போது தெரிந்தது, பெரும்பாலும் அவசரமில்லை, ஆனால் பார்க்க வேண்டும் என்று இந்த வரிசையில் சொல்ல வேண்டும். இதற்குப் பத்து நிமிடம்தான் ஆகும்.

உங்கள் பங்கும் கொஞ்சம் உண்டு. அறுவைக்குச் சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போடும்போதே, எடுக்கும் எலும்பைப் பரிசோதனைக்கு அனுப்புவீர்களா என்று கேளுங்கள். நீங்கள் சாப்பிடும் எல்லா மாத்திரைகளின் பெயரையும் சொல்லுங்கள். குடும்பத்தில் இரத்தப் புற்று இருந்தால் அதையும் சொல்லுங்கள். கால்சியம் நீக்கவே நாளாவதால், நீங்கள் வீட்டுக்குப் போனபிறகுதான் ரிப்போர்ட் வரும். டிஸ்சார்ஜ் சுருக்கத்தில் அது இருக்காது. தையல் பிரிக்க வரும் நாளில் பேத்தாலஜி ரிப்போர்ட் வந்துவிட்டதா என்று கேட்டு, ஒரு நகலை வாங்கிப் பழைய எக்ஸ்ரேக்களோடு சேர்த்து வையுங்கள். வரவில்லை என்றால் எப்போது வரும் என்று கேட்டுத் தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். மருத்துவமனையில் கொடுத்த தொலைபேசி எண் மகனுடையதாக இருந்து அவர் வெளியூரில் இருந்தால், உங்களைத் தொடர்புகொள்ள இன்னோர் எண்ணையும் எழுதிக்கொடுத்துவிட்டுப் போங்கள்.